காமாலை போகிற வரைக்கும்

உங்கள் மேசையின் முதல் இழுப்பறையில் ஒரு கட்டு உணவுக் குறிப்புத் தாள் இருக்கும். சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று. நோயாளி வந்து உட்கார்ந்ததும் கை தானாக அந்த இழுப்பறைக்குப் போகும். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் என் கையும் அப்படித்தான் போனது. உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களில் சிலவற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கலோரிக் கணக்கெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது நான் எழுதிய தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சமையல்கட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், வேகமாக எழுந்தால் தலை இடிக்கிற மாதிரி ஓர் அறை கொடுத்தார்கள். நோயாளிகள் என்னை 'சாப்பாட்டு டாக்டரம்மா' என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் வாரம் திருத்தினேன். இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் குடிதண்ணீர் கெட்டுப்போய், மஞ்சள் காமாலை வரிசையில் நின்றது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளாது என்று ஒரு தாள் தயாரித்து நகல் எடுத்து வைத்தேன். இடது பக்கம் 'கூடும்': குளுக்கோஸ், கரும்புச்சாறு, இளநீர், தேன், கற்கண்டு, அரிசிக் கஞ்சி, மோர் சாதம். வலது பக்கம் 'கூடாது': எண்ணெய், நெய், தாளிப்பு, முட்டை, கறி. நகல் எடுத்த பிறகுதான் மீன் விட்டுப்போனது தெரிந்தது. ஒவ்வொரு தாளிலும் மேலே சிவப்பு மையில் 'மீன் கூடாது' என்று எழுதி, மீனுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். மீன் வாசமே தெரியாத வீட்டில் வளர்ந்தவள் நான். பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பேன். எனக்கு அந்தக் கோடு போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

குமட்டலும் வாந்தியுமாக வருகிறவருக்கு இரண்டு வாரம் அந்த உணவு கொடுத்தால் பெரிய கெடுதல் வந்துவிடாது. ஆனால் இரண்டு வாரம் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

சவரிமுத்து அந்த வரிசையில் வந்தவர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், நாற்பதை ஒட்டிய வயது, இடது காலைச் சாய்த்து நடப்பார். கண் இரண்டும் மஞ்சள். கூட வந்தவள் மனைவி லூர்து. என் வயதுதான் அவளுக்கும். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 'அவள்' என்றே எழுதுகிறேன். என் மனதில் அப்படித்தான் இருக்கிறாள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, காலடிப்பேட்டையில் தெருத்தெருவாக விற்கிறவள். மீன் சுமக்கும் அன்னக்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஆனாலும் நான் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டு நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தாளைப் படித்துக் காட்டினேன்.

"மீனுமா?" என்றாள்.

"மீனும்தான்."

"கொழம்புல மீன எட்த்துட்டு வெறும் சாறு?"

"கூடாது."

"கருவாடு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கருவாடும் மீன்தானேம்மா?"

"இன்னா டாக்டரம்மா, மீன் விக்கிறவ வூட்ல மீன் ஆக்காத எப்டி? சரி, எதுவரிக்கும்?"

"காமாலை போற வரைக்கும்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவள் கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். தாளில் இல்லாததை அவள் சரியாகக் கண்டுபிடித்துக் கேட்டாள். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் சவரிமுத்துவின் கண் வெளுத்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் கல்லீரல் எண்கள் மட்டும் இறங்கவில்லை. மேலும் சோதித்ததில் ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தது. பல வருஷங்களுக்கு முன் துறைமுகத்தில் சரக்குக் கட்டிய கம்பி அறுந்து விழுந்து அவருடைய தொடை எலும்பு முறிந்திருக்கிறது. அப்போது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனை அன்றைக்கு எங்கேயும் இல்லை. வந்து போன காமாலை வேறு, இது வேறு. எங்கள் பெரிய டாக்டருக்கு அதையெல்லாம் விளக்க நேரமில்லை. "காமாலைக் கிருமி ரத்தத்துல தங்கிடுச்சு. இதுக்கான மருந்து இப்போதைக்கு நம்ம கைக்கு எட்டாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுங்க. குடிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

கோப்பில் 'உணவு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று என் கையொப்பம் இருந்தது. வழங்கியாகிவிட்டது என்பதால் அந்தக் கோப்பு அதன் பிறகு என் மேசைக்கு வரவே இல்லை. ஐந்து வருஷம்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு நல்ல செய்தியோடு அவர்கள் வந்தார்கள். சி வைரஸுக்கு வாரம் ஒரு ஊசியும் தினமும் மாத்திரையும் போட்டு வைத்தியம் செய்ய, செலவை ஏற்றுக்கொள்வதாக வேலை பார்க்கும் இடத்திலிருந்து சவரிமுத்துவுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்திருந்தது. நான்கு மாதத்துக்குள் ஊசி தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் காலாவதி. ஊசிக்கு முன்னால் கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது அப்போது வழக்கம். எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு.

வார்டு உணவுப் பட்டியலில் கையெழுத்து வாங்கப் போன நான், அன்று டாக்டர் அறையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நானா? ஒரு சொட்டு தொட்டதில்ல சார்."

"ரிப்போர்ட் பொய் சொல்லாது."

லூர்து எழுந்துவிட்டாள். "இன்னா சார் பேசிக்கினு கீற? எங்க ஊட்டாளு அந்த நாத்தமே ஆவாதுனு சொல்ற ஆளு. மாதா மேல ஆணையா சொல்றன்."

மூலையில் வேறொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த உதவியாளர், அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர், தலையைத் தூக்காமலே சொன்னார். "சாய்ங்காலம் ஒயின்ஷாப்பாண்ட தெனம் நிக்கிறாரு சார். நானே பாத்துக்கீறேன்."

லூர்து திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மறுத்துப் பேசியிருக்கலாம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலைகுனிவோடு அறையில் இருந்த எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டோம், நான் உட்பட. டாக்டர் கோப்பை மூடினார். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டட்டும், அப்புறம் ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்றார். கடிதத்துக்கு இருந்தது நான்கு மாதம். டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். மாதா மேல் ஆணையிட்டுவிட்டு வாசலில் வாந்தி எடுத்தவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

மறுநாள் காலை, சதைத் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவோம். சவரிமுத்துவின் கோப்பு அவர் முன்னால் விரிந்திருந்தது. ஐந்து வருஷத்தில் எடை பதினான்கு கிலோ ஏறியிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார்.

"இவர் என்ன சாப்பிடறார்?"

"தாள் கொடுத்திருக்கு மேடம்."

"தாளையா சாப்பிடறார்?"

அவர் நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். இளஞ்சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள்.

"சி வைரஸ் தானாவே கொழுப்பைச் சேர்க்கும், சில வகை நிறையவே சேர்க்கும். குடியும் சேர்க்கும். சோறும் சர்க்கரையும் சேர்க்கும். இதுல பார்த்தா எல்லாம் ஒரே வெள்ளைக் குமிழிதான். எது யார் போட்டதுன்னு எனக்குத் தெரியாது. உங்க பெரிய டாக்டருக்கும் தெரியாது. நீ போய்க் கேளு. நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து என்ன சாப்பிட்டார்னு அவரைக் கேக்காதே, ஆக்கிப் போடறவங்களைக் கேளு."

ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்தேன். முந்தைய நாள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. லூர்து என்னிடம் பேசினாளே தவிர அவர் பக்கம் திரும்பவில்லை.

"லூர்து, நேத்து காலையிலேர்ந்து இவருக்கு என்ன கொடுத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பில்லாமல் பாடம் ஒப்பிக்கிற பெருமை அந்த முகத்தில். "எந்திரிச்ச ஒடனே குளுகோஸ் தண்ணி ரெண்டு டம்ளர். நாஸ்டாவுக்குக் கஞ்சி, சக்கர போட்டு. பதினோரு மணிக்கு வண்டியாண்ட கரும்புச்சாறு. மத்தியானம் மோர் சோறு, தாளிக்காத ரசம். சாய்ங்காலம் எளநி, அப்பால தேன் ஊத்தி ரெண்டு பன்னு. ராத்திரிக்குத் திரும்ப கஞ்சி. வாய் நமநமங்குதுன்னா கல்கண்டு. எண்ண ஒரு சொட்டு கெடியாது. அஞ்சு வருசமா எங்க வூட்ல கடுகு வெடிச்ச சத்தம் கேட்டதில்லமா."

பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்த தாளை எடுத்தாள். மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாளாம், அன்றைக்கு எனக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருக்கிறாள். விரித்தாள். ஓரமெல்லாம் பழுப்பு. மேலே சிவப்பு மையில் என் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு.

"நீ தான சொன்ன, காமால போற வரிக்கும்னு? பெரிய டாக்டரு காமாலக் கிருமி ரத்தத்துலயே கீதுன்னுட்டாரு. அது போவட்டும்னு பாத்துக்கினு கீறேன்."

அந்த நிமிஷம் எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அவள் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. என் வார்த்தையையும் டாக்டர் வார்த்தையையும் சேர்த்துவைத்து, எந்தப் பெண்ணும் வருகிற முடிவுக்குத்தான் வந்திருக்கிறாள். ஐந்து வருஷம் விடாமல் சர்க்கரையும் சோறும். விஞ்சில் உட்கார்ந்தே செய்கிற வேலை. கொழுப்பு சேராமல் என்ன செய்யும்?

என்ன சொல்வது? பக்குவமாக நழுவ ஒரு வழி இருந்தது. அதில்தான் முதலில் போனேன். "இப்போ விதியெல்லாம் மாறிடுச்சு. புதுத் தாள் தரேன்" என்றேன்.

அதுவரை வாய் திறக்காத சவரிமுத்து கேட்டார். "அப்போ மீனு?"

"சாப்பிடலாம்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, லூர்து பக்கம் பார்க்காமல், என்னைப் பார்த்தே பேசினார்.

"ஒயின்ஷாப்பு பக்கத்துல வறுவல் கட கீதும்மா. தெனம் சாய்ங்காலம் தவாவுல மீன் போடுவான். அந்த வாசத்துக்குத்தான் போயி நிப்பேன். வாயில வெக்கல. சும்மா நின்னுட்டு வந்துடுவேன். நேத்து டாக்டராண்ட எப்டி சொல்றது? மீன் வாசத்துக்கு நாய் மாறி நிக்கிறேன்னா? இவளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பூடும்னு கம்முனு இருந்தேன்."

லூர்து காலி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடிக்கவில்லை. சட்டையில் அவர் திருகித் திருகித் தொங்கவிட்டிருந்த பொத்தானைப் பிய்த்துத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள், வீட்டில் தைப்பதற்கு.

அதைப் பார்த்த பிறகு என்னால் பொய்யில் நிற்க முடியவில்லை. "விதி ஒண்ணும் மாறலை. தாள்தான் தப்பு. அது ரெண்டு வாரத்துக்குப் போட்ட தாள், நான் அதை எழுதாம விட்டுட்டேன். நீங்க கேட்டப்போவும் சரியா சொல்லலை. கொழுப்புல கிருமியோட பங்கு இருக்கலாம். ஆனா இந்தச் சாப்பாட்டோட பங்கும் இருக்கு. தப்பு என்னுது, லூர்து. உங்களுது இல்லை" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அஞ்சு வருசம் என் கையாலயே குடுத்துக்கினு இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். தாளைப் பழையபடி நான்காக மடித்து உறையில் போட்டாள்.

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒயின்ஷாப் விஷயம், தாள், என் பதில், எல்லாம். கோப்பைத் திரும்பத் திறந்து, "மூணு மாசம் தரேன். குறைச்சுக் காட்டு" என்றார். கொழுப்பு அவ்வளவு இருந்தால் ஊசி சரியாகக் கேட்காது என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான்.

குளுக்கோஸ், கரும்புச்சாறு, கற்கண்டு, பன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். சோறு அளவாக. காய் தாராளமாக. அளந்த எண்ணெயில் தாளிப்பு. குழம்பில் போட்ட மீன், வறுத்தது வேண்டாம். சாய்ந்த காலோடு அவர் தினமும் வீட்டிலிருந்து ராயபுரம் ஸ்டேஷன் வரை நடந்து திரும்புவார். இந்தத் தடவை தாள் கொடுக்கவில்லை. வாரா வாரம் லூர்துவே வந்து சொல்லிவிட்டுப் போவாள், கூடையோடு நேராக உள்ளேயே வந்துவிடுவாள். எனக்குச் சங்கரா மீனையும் பாறை மீனையும் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாதம் எடை நன்றாக இறங்கியது, ரத்த எண்களும் கூடவே இறங்கின. ஊசி தொடங்கியது.

அந்த நாட்களில்தான் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "தினம் மீன் குழம்பா? நீங்களும் அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு பிடி பிடிக்கிறீங்களா?"

"நான் எங்கமா துண்றேன்" என்றாள் சாதாரணமாக. "அவரு ஒடம்புலேந்து கிருமி போற வரிக்கும் நானும் மீன் தொடமாட்டேன்னு மாதாவாண்ட அப்பவே சொல்லிட்டேன். ஆக்குவேன், போடுவேன். அவ்ளோதான்."

"அதான் தாள் தப்புன்னு சொல்லிட்டேனே!"

"அது உன் தாளு. இது நான் சொன்னது. இத்த நீ அடிக்க முடியாதும்மா."

அவள் சொன்னது உண்மை. ஆனால் 'போற வரைக்கும்' என்று அவள் மாதாவிடம் சொன்ன வார்த்தை என் வாயிலிருந்து போன வார்த்தைதான்.

ஊசி நாட்கள் பேஜாரான நாட்கள். காய்ச்சல், உடம்பு வலி, எரிச்சல். சவரிமுத்து ஒரு ஊசியையும் தவறவிடவில்லை. முடிவில் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று வந்தது. ஆனால் அதோடு முடிந்துவிடாது, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்து அப்போதும் இல்லாவிட்டால்தான் போய்விட்டது என்று அர்த்தம். இதை லூர்துவுக்கு நானே நிதானமாக விளக்கினேன். ஒருமுறை பட்டது போதும். "அப்போ அந்த ரெண்டாவது ரிசல்ட்டு வர்ற அன்னிக்கு" என்று அவளே நாள் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது முடிவு வந்த அன்று, கோப்பு டாக்டர் அறைக்குப் போகும் வழியில் என் மேசையில் இறங்கியது. திறந்து பார்த்தேன். வைரஸ் திரும்பியிருந்தது.

நான் கோப்பை மூடவும் அவர்கள் உள்ளே வரவும் சரியாக இருந்தது. லூர்து அன்று கூடை எடுத்துவரவில்லை. குளித்து, பூ வைத்து, கையில் இரண்டடுக்குக் கேரியர். "டாக்டரு ரவுண்ட்ஸ்ல கீறாராம். அதுவரிக்கும் இங்க குந்திக்கிறோம். உன் ரூம்லதான் துண்ணுவேன்னு வெச்சிருந்தேன். நீ போட்ட கோடு, உன் எதுரதான் அழிக்கணும்" என்று சிரித்தபடி என் மேசையில் கேரியரைப் பிரித்தாள். ஒரு அடுக்கில் சோறு, ஒன்றில் வஞ்சிரம் குழம்பு. தட்டு இரண்டு வைத்தாள்.

முடிவைச் சொல்வது டாக்டர் வேலை, என் வேலை இல்லை. பத்து நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் ஆறு வருஷத்துக்கும் மேலான பசியோடு அந்த மீனைச் சாப்பிட்டு முடித்திருப்பாள். அப்புறம் டாக்டர் சொல்லுவார். சாப்பிட்டது சாப்பிட்டதுதான். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சாப்பிட வேண்டும் என்று என் மனசு தவித்தது. ஆனால் அவள் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை அவளுக்கே தெரியாமல் நான் உடைத்துவிடப் பார்க்கிறேன் என்பதும் தெரிந்தது. அவள் முதல் உருண்டையைப் பிசைந்துவிட்டாள்.

"லூர்து, இருங்க" என்றேன். "திரும்பி வந்திருக்கு."

கை தட்டிலேயே நின்றுவிட்டது. சவரிமுத்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவசர அவசரமாக மற்றதையும் சொன்னேன். ஸ்கேனில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, கல்லீரலுக்கு இப்போது ஒரு சுமைதான், இரண்டு இல்லை, இப்படியே பார்த்துக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம், இதைவிட நல்ல மருந்து ஒருநாள் வரும். அத்தனையும் உண்மைதான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பழைய கேள்வியையே கேட்டாள். "எதுவரிக்கும்மா?"

"தெரியாது, லூர்து" என்றேன். அந்தத் தடவைதான் சரியான பதில் சொன்னேன்.

சவரிமுத்து திரும்பி வந்தார். "இன்னாமே, வேண்டுதல் எம்பேர்லதான? நான் சொல்றேன், நீ துண்ணு" என்று அவள் கையைத் தட்டுக்குத் தள்ளினார். அவள் தலையை ஆட்டினாள். பிசைந்த உருண்டையை அவர் தட்டில் வைத்தாள். தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு துண்டு மீனை எடுத்து, நிதானமாக முள் எடுத்து, சதையை அவர் சோற்றின் ஓரத்தில் வைத்தாள். அடுத்த துண்டு. அடுத்தது. நான் எழுந்து போகவில்லை. மின்விசிறியையும் போடவில்லை. அந்த வாசத்தோடு அந்த அறையில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். "நல்லாகீதாயா?" என்று அவள் கேட்டாள். "நல்லாகீது" என்று அவர் சொன்னார். அவள் விரல்களை வெகுநேரம் கழுவினாள்.

சில வருஷம் ஒழுங்காக வந்தார்கள். பிறகு அவர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, வீடு எண்ணூர்ப் பக்கம் மாறியது என்று கேள்வி. வருவது குறைந்தது, பிறகு நின்றது. நானும் ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம்தான், ஊசியே இல்லாமல் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் சி வைரஸ் போய்விடுகிற காலம் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே காலடிப்பேட்டைக்குப் போனேன். மீன் விற்கிற பெண்களிடம் கேட்டேன். "எந்த லூர்து? இங்க லூர்து நாலு பேரு" என்றார்கள். நால்வரில் ஒருத்திகூட அவள் இல்லை. எண்ணூரிலும் இரண்டு முறை அலைந்தேன். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வயதாக ஆக அது கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ராயபுரத்தில் ரயிலிலிருந்து இறங்கினால், ஏதாவது ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வரும். நான் நடக்காமல் நின்றுவிடுகிறேன்.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். எந்தத் தாள் கொடுத்தாலும் அதில் தேதி போடுங்கள், எதுவரைக்கும் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, திரும்ப வரச் சொல்லுங்கள். அப்புறம், என்றாவது ஒருநாள் வயதான ஒரு பெண் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுக்கலாம். சிவப்பு மையில் மீன் என்று இருந்து, அடியில் இரண்டு கோடு இருந்தால் அது என் கையெழுத்து. அவள் புருஷனை அழைத்துவரச் சொல்லி மாத்திரை தொடங்கச் செய்யுங்கள். கிருமி போனது உறுதியானதும் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, 'முடிந்தது' என்று எழுதிக் கொடுங்கள். எழுதிய கையோடு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். அன்றைக்கு அவள் மீன் சாப்பிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்து வைக்க நான் வருகிறேன்.